மார்ட்டப்பன் வேஷம் போட்ட மந்திரி

யாகுப் கூர்மெ ஏறி இறங்காத அரண்மனை இல்லை என்று தலைநகர் தாலினில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் வார்சாவில் தூதர், ஸ்டாக்ஹோமில் தூதர், நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க நாட்டுத் தலைவர், இப்போது வெளியுறவு மந்திரி. எங்கள் நாட்டில் அரசாங்கம் கவிழ்வது பனி உருகுவது மாதிரி. அதை யாரும் ஜன்னல் திறந்து வேடிக்கை பார்ப்பதில்லை. எந்த அரசாங்கம் வந்தாலும் யாகுப் அதில் எங்காவது இருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கும் திறக்காத கதவு ஒன்று இருந்தது. நகர எல்லையில் இருக்கும் நும்மெயில், பைன் மரங்களுக்கு நடுவே, மிஹ்கெல் தோமிங்காஸ் வீட்டுக் கதவு.

மிஹ்கெல் சிறு விவசாயிகள் கட்சித் தலைவர். கையளவு கட்சிதான், ஆனால் இந்தத் தடவை அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஜெயம். மறுநாள் காலை ஸ்வீடனோடு செய்த வெண்ணெய் ஒப்பந்தம் பார்லிமெண்டில் ஓட்டுக்கு வருகிறது. யாகுப் ஸ்டாக்ஹோமில் மாடிப்படி மாடிப்படியாக ஏறி, கெஞ்சி, சிரித்து, குனிந்து வாங்கி வந்த ஒப்பந்தம். அரசாங்கம் போனால் போகட்டும், இன்னொன்று வரும். ஒப்பந்தம் போனால் அவர் தாங்கமாட்டார்.

பேர்னுவில் படித்த காலத்தில் யாகுப்பும் மிஹ்கெலும் மிஹ்கெல் வீட்டில் ஒரே கட்டிலில் உருண்டவர்கள். இப்போது மிஹ்கெல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் யாகுப்புக்கே தெரியாது. வீட்டுக்குப் போனால் "ஐயா வெளில போயிருக்காரு" என்று பதில் வரும். ஐயாவின் பைப் புகை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும்.

அன்று மார்ட் நாள், கிழவன் மார்ட்டப்பனும் அவன் கூட்டமுமாக வேஷம் கட்டி வீடு வீடாகப் பாடிப் போகும் அறுவடைப் பண்டிகை. ஆபீஸிலிருந்து வரும் வழியில் முகத்தில் கரி பூசிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் யாகுப்புக்குப் பொறி தட்டியது. மார்ட் வேஷக்காரர்களை யாரும் வாசலிலிருந்து திருப்பி அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் வயலுக்கும் மாட்டுக்கும் ஆகாது. விவசாயிகள் கட்சித் தலைவர் அந்தத் துணிச்சலுக்குப் போகவே மாட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"அல்வீனெ, உங்கப்பாவோட ஆட்டுத்தோல் கோட்டு எங்க?"

"பரண் மேல. எதுக்கு? ராஜா யாராச்சும் வர்றாரா?"

"மார்ட்டப்பன் வேஷம் கட்டப் போறேன். மிஹ்கெல் வீட்டுக்கு."

அல்வீனெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, அரண்மனையில குனிஞ்சு பழகின இடுப்புங்க இது. குதிச்சா பிடிச்சுக்கும்."

"பிடிச்சா பிடிக்கட்டும்."

"தனியா போனா திருடன்னு நாயை அவுத்து விடுவாங்க. நானும் வர்றேன்."

கோட்டை உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மாட்டிவிட்டாள். அடுப்புக் கரியை எடுத்து மந்திரியின் முகம், கழுத்து, காது மடல் வரை ஆசை தீரப் பூசினாள். இத்தனை வருஷக் கோபத்தையும் தீர்த்துக்கொள்கிறாளோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. சணல் நாரில் தாடி கட்டினாள். தானும் அவருடைய பழைய கால்சட்டையை மாட்டி, மீசை வரைந்து, ஒரு பானை மூடியும் கரண்டியும் எடுத்துக்கொண்டாள். "குரலை மாத்துங்க. நீங்க வாயைத் திறந்தா சபாநாயகர் மணி அடிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். நும்மெக்குப் போகும் மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்தான். மந்திரியை அடையாளம் தெரியாமல் ஒரு ஆப்பிளை நீட்டினார்.

"கதவைத் தொறங்க! மார்ட்டப்பன் கால் விறைச்சுப் போய் நிக்கிறேன்!" என்று யாகுப் கிழட்டுக் குரலில் கத்த, அல்வீனெ மூடியைத் தட்டினாள்.

மிஹ்கெலின் மனைவி ரோசி கதவைத் திறந்தாள். அவர்களுடைய சின்ன மகள் வைகே கைதட்டிக் குதித்தாள். கணப்புப் பக்கத்தில் மிஹ்கெல் பைப்போடு உட்கார்ந்திருந்தார். யாகுப் பையிலிருந்து பார்லியையும் பட்டாணியையும் அள்ளித் தரையில் இறைத்தார். மாடு பெருக, வயல் நிறைய என்று வாழ்த்திப் பாடினார். பிறகு முறைப்படி குழந்தையைச் சோதிக்க வேண்டும்.

"சொல்லு பாப்பா, ஸ்வீடன் எந்தப் பக்கம் இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம்!"

மிஹ்கெல் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "பரவால்லியே, மார்ட்டப்பனுக்குப் பூகோளமெல்லாம் தெரியுதே!"

யாகுப் இதுதான் சமயம் என்று நினைத்தார். "இந்த வீட்டு வெண்ணெயும் கடல் தாண்டிப் போகணும்னு..."

"வெண்ணெய் கிடக்கட்டும்" என்று மிஹ்கெல் கையை உயர்த்தினார். "நீ ஊர் ஊரா சுத்துற ஆளு. வழியில ஒரு மந்திரியைப் பார்த்தா ஒண்ணு கேட்டுச் சொல்லு. எங்கம்மா மாரெ, எனக்கும் அவனுக்கும் ஒரே சட்டியில கஞ்சி ஊத்தினவ. அவ செத்தப்ப ஸ்டாக்ஹோம்லேருந்து ஒரு மலர்வளையம் வந்துச்சு. ரிப்பன்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'குடியரசின் சார்பில் ஆழ்ந்த வருத்தங்கள்'. ஏன் மார்ட்டப்பா, குடியரசா எங்கம்மாகிட்ட கஞ்சி குடிச்சது?"

அல்வீனெயின் கரண்டி நின்றுவிட்டது. யாகுப்புக்கு இப்போதுதான் காரணம் புரிந்தது. இதற்காகவா? ஆமாம், இதற்காகத்தான். இது போதாதா? அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வேஷம் மட்டும் இல்லையென்றால் தக்க வார்த்தை தேடி, தொண்டையைச் செருமி, மறுபடியும் ஓர் அறிக்கை வாசித்திருப்பார்.

"அந்த மந்திரி ஒரு மடையன்" என்றார். குரலை மாற்ற மறந்துபோனார். "எழுதத்தான் உக்காந்தான். 'மாரெ அம்மா'ன்னு எழுதினதும் அழுகை வந்துடுச்சு. மறுபடி உக்காந்தான், மறுபடியும் அழுகை. ஆபீஸ் ஆளுங்க கையில விட்டுட்டான். அவங்க எல்லாருக்கும் அனுப்புற மாதிரி அனுப்பிட்டாங்க. வந்து நிக்க மூஞ்சி இல்ல அவனுக்கு."

மிஹ்கெல் பைப்பைக் கணப்பு ஓரத்தில் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

"சரி. அதுக்கு அபராதம் உண்டு. எங்கம்மா கரண்டியால தாளம் போட, ரெண்டு பசங்க சமையல்கட்டுல ஆடுவாங்களே ஒரு ஆட்டம். ஆடு பார்ப்போம்."

"இடுப்பு..." என்றாள் அல்வீனெ.

"இடுப்பு எனக்கும்தான் இருக்கு" என்று மிஹ்கெல் எழுந்து வந்துவிட்டார்.

அல்வீனெ மூடியைத் தட்ட, இரண்டு பெரிய மனிதர்களும் தோளில் கை போட்டுச் சுற்றினார்கள். அலமாரியில் தட்டுகள் குலுங்கின. மூன்றாவது சுற்றில், வாழ்த்துச் சொல்லி இறைத்த பட்டாணியிலேயே வழுக்கி, மந்திரியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகத் தரையில் விழுந்தார்கள். வைகே "இன்னொரு தடவை!" என்று கத்தினாள். ரோசி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாகுப்புக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ரோசி பையில் கொழுப்புத் தொத்திறைச்சியும் ஆப்பிளும் போட்டுக் கொடுத்தாள். ஓட்டு விஷயம் யாகுப்பின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மார்ட்டப்பன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும், மேலே கேட்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார். அவர் செய்ததிலேயே பெரிய ராஜதந்திரம் அதுதான் என்று அல்வீனெ இன்றைக்கும் சொல்வாள்.

மறுநாள் பார்லிமெண்டில் மிஹ்கெல் எழுந்தார். எழுந்தவர் ஒப்பந்தத்தைக் கிழி கிழியென்று கிழித்தார். ஸ்வீடன்காரனுக்கு நம் மாட்டையே ஓட்டிவிட்டதாகச் சொன்னார். பார்வையாளர் மாடத்தில் ஸ்வீடன் தூதர் பார்த்துக்கொண்டிருக்க, யாகுப்பின் முகம் செத்துப்போயிற்று. சபாநாயகர் ஓட்டுக்கு மணி அடித்தார்.

"எங்க கட்சிக்குக் காபி ஆறிடும்" என்றார் மிஹ்கெல். கையளவு கட்சியும் அவர் பின்னாலேயே வரிசையாக வெளியே போய்விட்டது. எதிர்த்து விழவேண்டிய அந்த ஓட்டுகள் விழாததால் ஒப்பந்தம் மயிரிழையில் நிறைவேறியது.

யாகுப் மூச்சு வாங்கக் காபி அறைக்கு ஓடினார். மிஹ்கெல் கோப்பையும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்.

"உன் ஒப்பந்தம் ஓட்டைதான்டா. ஆனா கவுக்கற அளவுக்கு ஓட்டை இல்ல" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இந்தப் பக்கம் திரும்பு. அடக் கடவுளே, காதுக்குப் பின்னாடி இன்னும் கரி! தூதர் முன்னாடி இப்படியேவா நின்ன?"

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, மந்திரியின் காதைப் பிடித்து இழுத்து, தோல் சிவக்கத் தேய்த்தார். சனிக்கிழமைகளில் மாரெ அம்மா இரண்டு பேருடைய காதையும் இப்படித்தான் தேய்ப்பாள்.

"வலிக்குதுடா, பாவி!"

"குடியரசின் சார்பில் ஆழ்ந்த வருத்தங்கள்" என்று சொல்லிவிட்டு, மிஹ்கெல் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.