சூடு ஆறாத உருளை

“வாப்பா, இந்த இரும்பு ட்ரம் ஏன் சரிஞ்சி இரிக்கி? நேரா வெக்கத் தெரியாதா?”

மகள் ஸகியா ஏழு வயதில் இதைக் கேட்டபோது சாலிஹ் சிரித்தான். கல்முனைக்கு மேற்கே வயலோரத்து அரிசி ஆலையில், நெல் காயவைக்கும் டிரையரை ஓட்டுபவன் அவன். படுக்கையாகக் கிடக்கும் உருளை மெதுவாகச் சுற்றும். உள்ளே பொருத்திய தகடுகள் நெல்லை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும். உமி அடுப்பின் சூட்டுக் காற்று அந்த நெல் மழைக்குள் புகுந்து ஈரத்தை எடுத்துப் போகும். சரிவு இருப்பதால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் நெல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவாயை நோக்கி இறங்குகிறது.

“நேரா வெச்சா உள்ளுக்கயே கிடந்து கருகிப் போயிரும் மகள்” என்றான்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அவித்த நெல் பெருஞ்சூட்டையும் தாங்கும். அது சோற்றுக்குப் போவது. விதைநெல் அப்படியல்ல. உருளையை ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் முளை செத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்த வருடம் ரமழான் நோன்பு, பெரும்போக நெல் வெட்டுக்குள் வந்தது. ஒரு கிழமையாக மழை. நாவிதன்வெளியிலிருந்து பாலம்மா இரண்டு மூட்டை விதைநெல்லை ஈரத்தோடு கொண்டுவந்து இறக்கினாள். புருஷனை இழந்தவள். அடுத்து வரும் சிறுபோகத்தில் அவளுடைய இரண்டு ஏக்கருக்கும் அதுதான் விதை. அப்போதுதான் அவித்த நெல் காய்ந்து முடிந்திருந்தது. உருளை ஆற இரண்டு மணித்தியாலம் வேண்டும். நோன்பு திறக்க ஒரு மணித்தியாலம்தான் இருந்தது.

“நாளைக்கு வாறன் தம்பி, நீ நேரத்தோட போ” என்ற பாலம்மா, பைக்குள்ளிருந்து ஓர் இளநீரை எடுத்து வைத்தாள். “நோன்பு திறக்க இதக் குடி. வெறும் வயிறு.”

“பறவாயில்ல அக்கா, இண்டைக்கே முடிச்சித் தாறன்.”

அடுப்பை மட்டும் தணித்துவிட்டு சாலிஹ் நெல்லைக் கொட்டினான். அது பொன்னாக வெளியே வந்தது. தொட்டுப் பார்த்தான், சுட்டது. அப்படியே மூட்டை கட்டிக் கொடுத்தான். அன்று அவளுடைய இளநீரில்தான் நோன்பு திறந்தான்.

சித்திரையில் பாலம்மா மறுபடியும் ஆலைக்கு வந்தாள். சேலைத் தலைப்பில் ஊறிய நெல் ஒரு பிடி. சாக்கில் கட்டி மூன்று நாளாகியும் ஒரு முளை இல்லை, புளித்து நாறியது. விதைப்புக்கு இன்னும் ஐந்து நாள்தான் தவணை. பிந்தினால் வாய்க்கால் தண்ணீர் கிடைக்காது.

“ஹாஜியார், உங்கட மெசினுக்குள்ள போன நெல் செத்துப் போச்சு.”

முதலாளி முபாறக் ஹாஜியார் கதிரையை விட்டு எழவில்லை. “எத்தின ஆயிரம் மூட்ட இதுக்குள்ளால போயிருக்கு! நீ அவிச்ச நெல்ல ஊறப் போட்டியோ பாலம்மா?”

மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். அவள் சாலிஹைப் பார்த்தாள். “தம்பி, நீதானே ஓட்டினாய். நீ சொல்லு.”

வேலை போய்விடும் என்று பயந்தான். “தண்ணி கூடிப் போயிருக்கும் அக்கா.”

“ஓம்... இருக்கும்” என்றாள். ஏசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். அவள் நம்பிவிட்டாள்.

அன்றே சாலிஹ் தன் குத்தகை வயலுக்கு வைத்திருந்த விதைநெல்லை ஊறப்போட்டான்.

“நம்மட வயலுக்கா?” என்று கேட்டாள் மனைவி றம்ஸியா.

“இல்ல. இந்தப் போகம் நாம செய்யல்ல.”

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, முளை கட்டச் சாக்குகளை எடுத்து வந்தாள்.

நான்காம் நாள் விடிகாலையில், சுபஹு தொழுகை முடிந்த கையோடு, முளைவிட்ட நெல்லை மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவையாகப் பாலம்மாவின் வயலுக்குக் கொண்டுபோனான். உழுது மட்டம் செய்து, விதை இல்லாமல் கிடந்தது சேறு. முளைநெல் காத்திருக்காது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கி வீசினான். வரம்புகளில் ஆள் இல்லை.

படைத்தவன் பார்க்கிறான் என்பது அன்று அவனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன பொய் அந்த நாலு பேரிடமும் அப்படியே இருந்தது. கடைசிப் பிடியை மூலையில் வீசிவிட்டு, வெறும் சாக்குகளை மடித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான்.