சின்ன மாமா மீட்ட பச்சைக் குலை

கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போகிற பெண்ணின் கையில் பரிசுப் பொட்டலம் இருக்கும். சபிதாவின் கையில் இருந்தது திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவை. காரை ஓட்டியவர் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரைக்கும் அதைக் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தார். வெடிக்குமா என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

அவளுடைய திட்டம் சுலபமானது. பெரிய மாமா ராஜகுமாரின் மகள் ஜிஷாவுக்குக் களியக்காவிளை மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சிதறாலில் இருக்கும் மாமாவின் விளைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே குலை தள்ளி நிற்கும் இரண்டு வாழைகளின் காய்த்தோலைச் சீவி, நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். காய் பதமாக நின்றது. நைட்ரஜனோ முந்தின நாள்தான் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது, விட்டுவைத்தால் ஆவியாகிப் போகும். அதனால்தான் கல்யாண நாளென்றும் பாராமல் இந்தக் கூத்து. அவளுடைய முனைவர் பட்டமே அந்த இரண்டு குலைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டும் செந்துளுவன், செவ்வாழை. ஒரே மூட்டில், ஒரே கிழங்கிலிருந்து பிறந்த கன்றுகள். ஒன்று முறையாகச் சிவந்து நின்றது, மற்றது பச்சையாகப் போய்விட்டது. செந்துளுவன் எப்போதாவது இப்படிப் பச்சைக்குத் திரும்பும். ஆனால் இரண்டு நிறமும் ஒரே மூட்டில் ஒரே சமயம் குலை தள்ளுவதைக் காண யோகம் வேண்டும். வெயிலில் விளை விளையாக அலைந்து முகம் கறுத்த பிறகுதான் சபிதாவுக்கு அந்த யோகம் அடித்தது, அதுவும் சொந்த மாமாவின் விளையிலேயே.

சிவப்புச் சாயம் செய்கிற ஜீன்கள் பச்சை வாழையிலும் பத்திரமாக இருக்கின்றன. வேலையைத் தொடங்கு என்று அவற்றுக்குச் சொல்ல வேண்டிய புரதம்தான் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுடைய சந்தேகம். அப்படிச் சொல்கிற புரதங்களில் ஒரு பெரிய குடும்பம் உண்டு, மிப் குடும்பம் என்று பெயர். அவை தாமாக ஒரு வேலையும் செய்வதில்லை, ஆனால் அவை சொல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. இதை அவள் வீட்டில் விளக்கியபோது எல்லோரும் ஒன்றாகப் பெரிய மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார்.

சின்ன மாமா குமாரதாஸ் மட்டும் வேறு கேள்வி கேட்டார். அவரும் பெரிய மாமாவும் இரட்டைப் பிறவி, உரித்து வைத்த ஒரே முகம். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த பிறகு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். மாட்டுக்குப் புல் போடுவார், குழந்தைகளைப் பள்ளி வேனில் ஏற்றுவார். அவரிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை, அவரும் யாரிடமும் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை. அந்த மிப் குடும்பம் எப்படி அவ்வளவு பெரிதாயிற்று என்பதுதான் அவர் கேள்வி. வெகு காலத்துக்கு முன்னே வாழையின் முன்னோர்களுக்கு ஜீன் எல்லாம் மொத்தமாக இரட்டித்துவிட்டது, சில தடவை அப்படி நடந்தது, ஒரு காப்பி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று சபிதா சொன்னாள்.

"அப்பம் ரெண்டாவது காப்பிக்கு என்ன ஆவும் மக்கா?"

"முக்காவாசியும் வேல இல்லாம கெடந்து செல்லரிச்சுப் போவும் மாமா. ஒண்ணு ரெண்டு மட்டும் புதுசா ஒரு வேலயப் பிடிச்சுக்கிடும்."

அவர் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். சபிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான், இனி எங்கே அள்ள?

கார் மண்டபத்து வாசலில் நின்றது. சபிதா இறங்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். வாசலின் இடது பக்கம் குலையோடு கட்டியிருந்த செந்துளுவன் அவளுடையது. தண்டில் அவள் கட்டிய சிவப்புத் துணி இன்னும் கிடந்தது. ஆய்வகத்து ஒட்டுச்சீட்டு மழையில் உரிந்து போகிறதென்று, பழைய துப்பட்டாவைக் கிழித்து அவளே கட்டியது. கல்யாண வாசலுக்கென்று குறித்த வாழைக்குச் சிவப்புத் துணி கட்டுவது மாமா வீட்டுப் பழக்கம். பிறந்தது முதல் பார்த்து வருகிறவளுக்கு, கட்டும்போது அந்த ஞாபகம் வரவில்லை. என்ன சொல்ல, படித்த புத்தி.

வெட்டியது ஜிஷாவின் அண்ணன் ஷிபு. துணி கட்டியதில் நல்ல தடியாக இரண்டைப் பார்த்து விடியற்காலையில் வெட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சந்தோஷமாகச் சொன்னான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்பது ஏதோ புது ஸ்டைல் என்று அவன் நினைத்திருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் ஜோடி சேரவில்லையே என்று முகம் சுளித்ததும், பச்சையை எடுத்துவிட்டு வேறொரு செந்துளுவனைக் கட்டியாகிவிட்டது.

போச்சே என்றுதான் சபிதாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு மூளை கொஞ்சம் வேலை செய்தது. வெட்டினால் ஜீன்கள் பதறும், தாறுமாறாக என்னென்னவோ செய்யும். ஆனால் இரண்டையும் வெட்டியது ஒரே அரிவாள், ஒரே வேளை, ஏற்றியது ஒரே வண்டி. ஒன்று பட்ட பாட்டைத்தான் மற்றதும் பட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பச்சைக் குலை மட்டும் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

பச்சைக் குலை எங்கே என்று கேட்டாள். அவியலுக்குக் காய் போதாதென்று சமையல் கட்டுக்கு அனுப்பிவிட்டதாக ஷிபு சொன்னான்.

சபிதா குடுவையோடு ஓடினாள். தோல்தானே வேண்டும், காயை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணிக்கொண்டே ஓடினாள். வேறு ஊராக இருந்தால் அந்தக் கணக்கு பலித்திருக்கும். இந்த ஊரில் வாழைக்காயின் தோலையும் விடமாட்டார்கள். பயறு சேர்த்துத் துவரன் பொரியல் வைக்க நாலு பேர் உட்கார்ந்து தோலைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குலையில் கடைசிச் சீப்பு ஒன்றுதான் மிச்சம்.

தலைமைச் சமையற்காரர் ஞானத்திடம் அந்தச் சீப்பைக் கேட்டாள். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே மறுத்தார். போன கல்யாணத்தில் பப்படம் பாதி காணாமல் போனதிலிருந்து, ராஜகுமார் அண்ணாச்சி சொல்லாமல் அங்கிருந்து ஒரு கறிவேப்பிலைகூட நகரக்கூடாது என்று உத்தரவு. சபிதா ஜீன், புரதம் என்று என்னவோ சொல்லிப் பார்த்தாள். நறுக்குகிற கைகள் நிற்கவில்லை.

பெரிய மாமாவோ மணவறையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் முழங்கத் தயாராக இருந்தது. அந்த நேரத்தில் போய் வாழைக்காய்த் தோல் கேட்கிற நெஞ்சுரம் சபிதாவுக்கு இல்லை. கைகழுவுகிற இடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த சின்ன மாமாதான் கண்ணில் பட்டார். அண்ணனுக்கு எடுத்த அதே பட்டுச்சட்டை, அதே கரைவேட்டி. அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். பிறகு நேரியல் துண்டை உதறி, அண்ணன் போடுவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். சமையல் கட்டு வாசலில் போய் நின்று, அச்சு அசலாக அண்ணன் குரலில் அதட்டினார்.

"லே ஞானம், அந்தச் சீப்புல கை வைக்கப்பிடாது. பிள்ளைக்கு வேண்டியத எடுக்கட்டும்."

கத்திகள் நின்றன. ஞானமே சீப்பை அறுத்துச் சபிதாவின் கையில் கொடுத்தார்.

வாசலில் வைத்து, அங்கே நின்ற சிவப்பிலும் கையிலிருந்த பச்சையிலும் காய்த்தோலைச் சீவி நைட்ரஜனில் போட்டாள். புகை பொங்கி வாசலை மூடியது. தாலி கட்டி முடித்து வந்த ஜோடியை வீடியோக்காரர் அந்தப் புகைக்குள்ளேயே நிறுத்திப் படம் எடுத்தார். இதற்கு எவ்வளவு ஆகும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் விசாரித்தார். சபிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பந்தியில் அவள் இலையில் துவரன் விழுந்தது. தன் ஆராய்ச்சியின் பாதியை ருசித்துச் சாப்பிட்டாள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஞானத்தை ஏமாற்றியது மனசில் குத்தியது. கை கழுவிவிட்டு நேராக அவரிடம் போய், உத்தரவு கொடுத்தது பெரிய மாமா இல்லை என்று ஒப்புக்கொண்டாள்.

ஞானம் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா மக்கா? ராஜகுமார் அண்ணாச்சி ஒரு நாளும் எனக்க பேரச் சொல்லி விளிச்சதில்ல. பேரு சொல்லுகது குமாரதாஸ் அண்ணாச்சிதான். இத்தன கல்யாணத்துக்குச் சோறு வச்சேன், அவரு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுப் பாத்ததில்ல. கேட்டா குடுக்காம இருப்பனா?"

சபிதா திரும்பிப் பார்த்தாள். பந்தி நடுவே பெரிய மாமா நின்று எதையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஓரமாகச் சின்ன மாமா நேரியலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பழையபடி தண்ணீர்க் குவளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

ஞானம் பாயச வாளியோடு பெரிய மாமாவைக் கடந்து போனார்.

"குமாரதாஸ் அண்ணாச்சி, பாயசம் விளம்பலாமா?"

சின்ன மாமா பழக்க தோஷத்தில் அண்ணன் எங்கே என்று தேடினார். பிறகுதான் கூப்பிட்டது தன்னுடைய பெயர் என்று அவருக்கு உறைத்தது. பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு காத்து நின்றார்கள்.

"விளம்பு ஞானம்" என்றார், சொந்தக் குரலில்.

பாயசம் இலைக்கு வந்தது.