காலிக் கேரியர்

மனைவி சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அளவுக்காரர் வைஸில் பிடித்த அலுமினியப் பட்டையை வளைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது ஆறாவது பட்டை. காலையிலிருந்து நின்றே வேலை செய்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் முழங்கையில் கட்டியிருந்த கைக்குட்டையில் ரத்தம் ஊறியிருந்தது.

"என்னாச்சு?"

"வேன்காரன் பின்னாடி வந்து தட்டிட்டான். லைட்டு இல்லாம எதுக்கும்மா ரோட்டுக்கு வர்றேன்னு என்னையே திட்டுறான்."

அளவுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். யார் சைக்கிளானாலும் கேரியர் கம்பியை மூன்று முறை அளந்து, அதற்கென்றே ஒரு பிடி செய்து, பின்விளக்கை மாட்டிக் கொடுப்பார். கடையில் வாங்கும் பிடி ரெண்டே மாதத்தில் தொங்கிவிடும். இவர் செய்தது ஆடாது, அசையாது. பதினேழு சைக்கிளுக்கு மாட்டியாயிற்று. எல்லாம் மனைவியோடு ஆலையில் வேலை செய்பவர்களுடையவை. உடம்பு எவ்வளவு ஓய்ந்தாலும் இந்த ஒரு வேலையில் அவருக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் இப்போது முதலில் வாயைத் திறந்தது.

"நான் மாட்டின லைட்டு எரியாம இருக்குமா? நீ சுவிட்சப் போட்டிருக்க மாட்ட."

அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். அவரே கேரியரிலிருந்த பையை இறக்கிவிட்டுக் குனிந்தார். விளக்கு சிவப்பாக, ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"பாரு! எரியுதே!"

"பைய எடுத்த எடத்துல வைங்க."

வைத்தார். பையின் வயிறு கேரியருக்குப் பின்னால் சரிந்து தொங்கியது. விளக்கைக் காணோம்.

"வழியெல்லாம் உருட்டிட்டுத்தான் வந்தேன். யோசிக்க நேரம் இருந்துச்சு" என்றாள்.

அவருக்குக் காது சூடாயிற்று. அளக்க வசதியாக இருக்கட்டும், கேரியரைக் காலி பண்ணிக் கொண்டுவாங்க என்று எல்லோரிடமும் சொன்னது அவர்தான். காலிக் கேரியரோடு யார் வேலைக்குப் போகிறார்கள்? சாப்பாட்டுப் பை, மாற்றுத்துணி, தண்ணீர் கேன். மூன்று முறை அளந்தவருக்கு இது தோன்றவே இல்லை. வெட்கத்தைவிட, ரோட்டில் ஓடும் மற்ற பதினேழு சைக்கிளை நினைத்துப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"கையைக் காட்டு."

"நான் கழுவிக்கிறேன். ஆலையில சாயப் பிரிவு விடுற நேரம். நீங்க ரோட்டுக்குப் போங்க."

ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விண்விண்ணென்று வலிக்கும் காலை இழுத்து இழுத்து நடந்தார். சாலை முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. முதல் ஆளாகச் சாயப் பிரிவு மேஸ்திரி வந்தார், கேரியர் நிறையத் துணி மூட்டையோடு. அளவுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"நில்லுங்கண்ணே! லைட்டு..."

"லைட்டு சூப்பருங்க!" மேஸ்திரி சிரித்தபடி மணியடித்துவிட்டுக் கடந்து போனார். அவர் முதுகுக்குக் கீழே மூட்டை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், வளைவு திரும்பி ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அளவுக்காரர் ஓட ஆரம்பித்தார்.