இரண்டு வாக்கு

வீரப்ப ஆசாரிக்கு இருந்தது ஒரே வாக்கு. கொடுத்தது இரண்டு வாக்கு. வார்டு உறுப்பினர் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இருவருக்கும் தனித்தனியே சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

ஒருவர் முத்துவேல், ஆசாரியின் மனைவி மீனாம்பிகைக்கு அண்ணன். அவர் மகன் சரவணகுமாருக்குத்தான் ஆசாரியின் மகள் ராஜப்ரியா என்று தட்டு மாற்றி, தை மாதத்தில் நாளும் குறித்தாகிவிட்டது. இன்னொருவர் சேவுகப்பெருமாள். கோவிலூர்ச் சாலையில் ஆசாரியின் நகைப்பட்டறை இருக்கும் கட்டடம் அவருடையது. வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பது சட்டம். யார் எந்தக் கட்சி என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆசாரி எந்தக் கட்சி என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. எதிரே யார் நிற்கிறாரோ அவருடைய கட்சி.

ஒருவருக்குப் போட்டால் மற்றவருக்குச் செய்த சத்தியம் பொய்யாகும். சாமி கண்ணைக் குத்தும். யாருக்குமே போடாவிட்டால் யாருக்கும் துரோகமில்லை என்று ஆசாரி முடிவு கட்டினார். அப்போது இரண்டு சத்தியமும் அல்லவா பொய்யாகும்? அது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை. பயந்தவன் போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆனால் விரலில் மை வேண்டுமே. அது அவருக்கு ஒரு பெரிய காரியமா? வெள்ளியைத் திராவகத்தில் கரைத்தால் வரும் நீர் தோலில் பட்டால் கறுத்துவிடும், லேசில் போகாது. தேர்தல் மையும் ஏறக்குறைய அதே சரக்குதான். ஓட்டுப்பதிவு அன்று மனைவியையும் மகளையும் முதலில் அனுப்பிவிட்டு, "கூட்டம் கொறையட்டும், பொறகு போறேன்" என்று பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இடது ஆள்காட்டி விரலில் நகத்திலிருந்து தோல்வரை குச்சியால் ஒரு கோடு இழுத்தார். வெயிலில் காட்டினார். அசல் தோற்றது. அன்று முழுக்கத் தன் விரலைத் தவிர வேறு யார் விரலையும் அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் முத்துவேல் வீட்டுக்கு வந்தார். மீனாம்பிகை அண்ணனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன மாப்பிள்ளை, போட்டாச்சா?"

"போடாம இருப்பனா மச்சான்? இந்தா பாருங்க" என்று ஆசாரி விரலை உயர்த்தினார்.

முத்துவேலின் சிரிப்பு பாதியில் நின்றது. தன் இடது கையை நீட்டினார். மை நடுவிரலில் இருந்தது. காப்பி வைத்த மீனாம்பிகையின் கையிலும் நடுவிரலில்தான். போன தேர்தலின் மை பலருக்கு இன்னும் நகத்தில் இருந்ததால் இந்த முறை நடுவிரலில் வைத்தார்கள். சாவடிக்குப் போன அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"இந்த மைய எங்க வச்சாக மாப்பிள்ளை?"

ஆசாரி விரலை மடக்கிக்கொண்டார். முத்துவேல் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். விளக்கு வைப்பதற்குள் ஆசாரியின் விரல் ஊர் வாயில் விழுந்துவிட்டது.

எண்ணிய அன்று இருவருக்கும் சமமான ஓட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சேவுகப்பெருமாள் ஜெயித்தார். கழுத்து மாலையோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். "நான் சீட்டுல ஜெயிச்சேன் ஆசாரி, ஒன் சத்தியத்துல இல்ல. வேற எடம் பாத்துக்க."

மறுநாள் முத்துவேல் வீட்டிலிருந்து நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. மீனாம்பிகை அழுதாள், ஏசினாள். ராஜப்ரியா அழவில்லை. ஆசாரியால் தாங்கமுடியாதது அதுதான்.

"ஒனக்காகத்தான் ஆத்தா. யாரையும் பகைச்சுக்கிட்டு ஒன் கல்யாணத்துக்கு ஒரு இடைஞ்சல் வரக்கூடாதுன்னுதான்."

"எதுத்துப் போட்டிருந்தாக்கூட சண்டை போட்டுட்டுச் சேந்துக்கிருவேன்னு மாமா சொன்னாக" என்றாள் அவள். "எந்தப் பக்கமும் நிக்காதவரு வீட்டுல சம்பந்தம் எதுக்குங்கிறாக. சரியாத்தானப்பா சொல்றாக? நாளைக்கு நான் வாழாவெட்டியா வந்து நின்னாலும், எனக்கும் சத்தியம் பண்ணுவீக, அவுகளுக்கும் பண்ணுவீக. பண்ணிட்டுக் கதவச் சாத்திக்கிருவீக."

ஆசாரி கொல்லைக்குப் போய், புளியை எடுத்து அந்த விரலைத் தேய்க்க ஆரம்பித்தார். போகாது என்று அவருக்குத் தெரியும்.