இடது டயரின் வெளிவிளிம்பு

வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரர் மகன் மாணிக்கவாசகம் பம்பாயிலிருந்து திரும்பியதும் முதலில் பார்க்க வந்தது தன் காரைத்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வெளிநாட்டு வண்டி. பந்தயத்துக்காக முன் ஸ்பிரிங்குகளை வெட்டித் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். வெட்டிக்கொடுத்தவர் சின்ன காஞ்சிபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அந்தோணி. பம்பாய்க்குப் போகும்போது வண்டியை அவரிடமே விட்டு, அங்கே வேலை செய்யும் கலியனிடம் சாவியைக் கொடுத்திருந்தான். "பேட்டரி இறங்காம தினம் பத்து நிமிஷம் ஓட்டு, போதும்" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

ஐம்பது நாளில் அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாக வளர்ந்திருந்தது. அது கலியனுக்கு மட்டுமே தெரியும்.

மாணிக்கவாசகம் குனிந்து முன் டயர்களைத் தடவிப் பார்த்தான். "இன்னா அந்தோணி இது? உள்பக்கம் தேயும்னு நீ முன்னமே சொன்னே, சரி. இடது டயர்ல வெளிப்பக்கமும் போயிருக்குதே. ஒரு ஸ்பிரிங்கை ஜாஸ்தியா வெட்டிட்டியா?"

"ரெண்டுத்துலயும் ஒண்ணரைச் சுத்துதான் வெட்னேன், சின்ன மொதலாளி. சர்ச்சுல வந்து வேணாலும் சொல்றேன்."

"சத்தியத்துல வண்டி ஓடுமா? சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போயிடுவேன். என் சிநேகிதனுங்க வண்டியும் இனிமே இங்க வராது."

அவன் காப்பி குடிக்கப் போனதும் அந்தோணி கலியனைப் பார்த்தார். "நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கினே இருப்பியே. அளந்து சொல்லு, கலியா."

டயரின் மேல் கையை ஓட்டியபோதே கலியனுக்குப் பாதி புரிந்துவிட்டது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழப்பு. உள்ளிருந்து வெளியே வந்தால் பிசிறு விரலைப் பிடித்தது; டயர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்ந்த அடையாளம். ஆனால் தன் கணிப்பை அவன் ஒருநாளும் ஒரே தடவையில் நம்பியதில்லை. இந்தத் தடவை நம்ப விருப்பமும் இல்லை. காற்றைப் பார்த்தான். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். முறுக்கின பட்டு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, சக்கரங்கள் மேலே எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கின்றன என்று அளந்தான். இடது, வலது இரண்டும் ஒரே சாய்வு. நூலை வண்டியின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று மூன்று தடவை பார்த்தான். அந்தோணியின் வேலையில் ஒரு குறையும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே காரணம். வண்டி வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் பாரம் இடது டயரின் வெளிவிளிம்பில் இறங்கும். வரதராஜப் பெருமாள் கோயில் மாட வீதிகளில் அவன் பெருமாளை வலப்பக்கம் வைத்தேதான் சுற்றினான். வேறு மாதிரி சுற்ற அவனுக்குத் தோன்றியதே இல்லை. சுற்றுக்கு நாலு மூலை. நாலும் வலது.

தெற்கு மாட வீதியில் பெரியநாயகியின் வீடு இருந்தது. ஆங்கில மாலை வகுப்பில் அவள் முன் பெஞ்சு, இவன் கடைசி பெஞ்சு. பொங்கலுக்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் தறிக்கு ஆள் போதவில்லை என்று யாரோ சொன்னார்கள். ஐம்பது நாளில் இரண்டு தடவை வாசல் வழியே தறியில் அவள் முதுகைப் பார்த்தான். ஒரு தடவை அவள் நிமிர்ந்தாள். அதற்குள் மூலை வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் சாவி போய்விடும். சாவி போனால் அந்த வீதியில் தினமும் போக அவனுக்கு வேறு சாக்கு இல்லை. சொல்லாவிட்டால் அந்தோணியின் பெயர் கெடும்.

மாணிக்கவாசகம் திரும்பி வந்தான்.

"ஸ்பிரிங் சரியா இருக்குது சார். வண்டி வலது பக்கமாவே திரும்பிக்கினு இருந்துது, அதான்."

"பத்து நிமிஷத்துலயா?"

"மாட வீதியைச் சுத்தினேன் சார். தினம் பதினஞ்சு சுத்து."

"வேண்டுதலா?"

கலியன் நூலை விரலில் சுற்றினான்.

"பெருமாளுக்கு இருக்காது, சின்ன மொதலாளி," என்றார் அந்தோணி. "இது வேற சாமி."

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. "காட்டு" என்றான். கலியன் இடது டயரின் குறுக்கே பட்டையாகச் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். மாட வீதியின் மூலையை வலது பக்கமாக வளைத்துத் தள்ளியதும் நிறுத்தினார்கள். தள்ளிய வேகத்துக்கு வெளிவிளிம்பில் சாக்கட்டி அழியவில்லை. பிறகு மாணிக்கவாசகம் ஏறி, கலியனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேகமாக ஒரு சுற்று ஓட்டினான். தெற்கு மாட வீதி முடிந்து மூலை திரும்பியதும் இறங்கிப் பார்த்தார்கள். வெளிவிளிம்பில் சாக்கட்டி துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தது.

"அந்தோணி மேல தப்பில்லே," என்றான் மாணிக்கவாசகம். "ஆனா சாவி இனிமே உன்கிட்ட இருக்காது, கலியன்."

"தெரியும் சார்."

"ஒரு நாளாவது நிறுத்திப் பேசினியா?"

"இல்ல சார்."

"மூவாயிரம் தடவை திரும்பியிருக்கே. டயர் எங்கிட்ட சொன்னதை நீ அவகிட்ட சொல்லலே."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கலியன் மூலையிலேயே நின்றான். இனி இந்த வீதிக்கு வர வேண்டுமென்றால் இந்த வீதிக்கென்றே வர வேண்டும்.

அவள் வீடு பின்னால், பத்துப் பன்னிரண்டு வாசல் தள்ளி. வந்த வழியே திரும்பி நடந்தான். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் எஞ்சின் இரைச்சலில் அவன் எதையும் கேட்டதில்லை. அவள் வாசலுக்கு எதிரே வந்து நின்றான். என்ன சொல்வதென்று ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. உள்ளே ஒரு தறியின் சத்தம் நின்றது.