துத்தம் போடாத பாதி

படத்தை ஏற்றிப் போக ஏசுபாதம் காலை ஏழு மணிக்கே குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். கருங்குழியில் ஜாய்ஸ் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்குப் படிக்கட்டு குறுகல். ஆறடி நீளமும் நாலடி உயரமும் உள்ள பலகையை இருவருமாகச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். அதைச் சுற்றி இரண்டு பழைய புடவை, அதன்மேல் அட்டை, அட்டைமேல் சணல் கயிறு.

"இன்னாக்கா இது, கதவா?"

"ஏரி."

"ஏரியா? அப்ப மெதுவாப் புடி. தண்ணி தளும்பிடப் போவுது."

ஜாய்ஸ் சிரித்தாள். ஒரு வாரத்தில் அவளோடு வேலை சம்பந்தமில்லாமல் ஒருவர் பேசிய முதல் பேச்சு அது.

வண்டி செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில் போகும்போது இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தாள். பத்து நாளைக்கு முன் அம்சாவுக்கு அவள் அனுப்பிய செய்தி அப்படியே கிடந்தது. "மாமல்லபுரத்துல நம்ம ஏரிப் படம் வைக்கிறாங்க. வெள்ளி, சனி, ஞாயிறு. வாக்கா." பக்கத்தில் இரண்டு நீல டிக். அம்சா படித்துவிட்டாள். பதில் இல்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த முக்கால் மணி நேரத்தை அம்சா வந்து கடப்பாளா மாட்டாளா என்பதைத் தவிர, இந்தக் கண்காட்சியில் ஜாய்ஸுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு எதுவும் இல்லை.

ஜாய்ஸுக்கு நாற்பத்தாறு வயது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ லேபில் இருபது வருஷமாகக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் தெரியும் ஃபேன், பந்திப் பாய், வாயைத் திறந்து தூங்கும் பெரியப்பா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வெட்டியெடுத்துவிட்டு அங்கே பனிமலை வைப்பது அவள் வேலை. வாரத்தில் ஆறு நாள் முகங்கள். அதனால் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு முகமும் வேண்டியிருக்கவில்லை. சேறு, கோரை, நீர் வடிந்த கரை, கழிமுகத்தில் காற்று கீறிவிட்டுப் போன மணல் கோடுகள். இவைதான்.

அம்சா அவளைவிட நாலு வயது மூத்தவள். கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த பைண்டிங் கடையில் வேலை. மதியம் ஒரே டீக்கடையில் நின்று டீ குடித்துப் பழக்கம். அம்சாவின் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. அதே நிலத்தில் ஜாய்ஸின் அம்மா நடவு நட்டிருக்கிறாள். இது இருவருக்கும் தெரியும். அதை ஒருமுறை பேசினார்கள், பிறகு பேசத் தேவைப்படவில்லை.

படத்தில் செடியை ஒட்டலாம் என்று சொன்னது அம்சாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் ஏரிக்கரையில் ஜாய்ஸ் கேமராவோடு குந்தியிருந்தபோது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிய அம்சா கை நிறையக் கோரையோடு வந்தாள்.

"போட்டோவுல கோரை கீது. ஆனா கோரை மாதிரி இல்ல. இத்தயே ஒட்டினா இன்னா?"

அதிலிருந்து ஆறு வருஷம் அப்படித்தான். ஜாய்ஸ் எடுத்த படத்தை லேபில் மேட் பேப்பரில் துண்டு துண்டாக அச்சிடுவார்கள். அம்சா பசை காய்ச்சிப் பலகையில் ஒட்டுவாள். அதன்மேல் அந்தந்த இடத்துக் கோரை, வண்டல், நத்தை ஓடு. ஒரு இடத்துப் படத்தில் இன்னொரு இடத்து மண் படக்கூடாது என்பது அம்சாவின் சட்டம். கோவளத்து மணல் ஒரு பாட்டில், ஓதியூர்ச் சேறு ஒரு பாட்டில் என்று பெயர் எழுதி வைத்திருந்தாள்.

பசைதான் அவர்களுக்குள் சின்னச் சண்டை. மைதாவைக் கரைத்து, கட்டி விழாமல் கிளறி, இறக்குகிற நேரத்தில் அம்சா கொஞ்சம் மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவாள். நீலக் கல் உப்பு. காய்ந்ததும் தாளின் வெள்ளையில் லேசாகப் பச்சை ஏறிவிடும். விடியற்காலத் தண்ணீரின் வெள்ளைக்காக ஒரு மணி நேரம் கொசுக்கடியில் காத்திருந்தவளுக்கு அது எரிச்சல்.

"கொஞ்சம் கம்மியாப் போடேன்க்கா. தண்ணி பாசி புடிச்ச மாதிரி கீது."

"பசைன்னா துத்தம் போட்டே ஆவணும்மே. போடாட்டிப் பூச்சிக்கு நாஸ்தா."

போன வருஷம் மாசியில், ஏரி வடிந்து கரை வெடித்திருந்த நாளில், இந்தப் பெரிய படத்தைத் தொடங்கினார்கள். ஆறு தாள். இடப்பக்கத்து மூன்றை அம்சா ஒட்டி முடித்திருந்தாள். அப்போதுதான் பொத்தேரியில் ஒரு கல்லூரி மாணவர்கள் தங்கள் விழாவில் வைக்க அவர்களுடைய பழைய படங்களில் நாலைக் கேட்டார்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் கார்டில் என்ன பெயர் போடுவது என்று கேட்டதற்கு ஜாய்ஸ் தன் பெயரைச் சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை. ஆல்பத்திலும் போட்டோ எடுத்தவர் பெயர்தானே வரும்.

அம்சா பட்டுப்புடவை கட்டி, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாத்தனார் நாலு கார்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"உன் பேரு எங்கடி கீது?"

திரும்பும் பஸ்ஸில், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும், அம்சா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் பசை காச்சறவ. அவ்ளோதானா?"

"போட்டோ எடுத்தவ பேரத்தானேக்கா போடுவாங்க" என்றாள் ஜாய்ஸ்.

சொன்னதும் தப்பு என்று தெரிந்தது. ஆனால் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அம்சா வரவில்லை. அதற்கடுத்த மாதம் மகள் பிரசவத்துக்குக் கோவளம் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

வலப்பக்கத்து மூன்று தாளை ஜாய்ஸ் தனியாக ஒட்டினாள். பசையைத் தானே காய்ச்சினாள். துத்தம் போடவில்லை. காய்ந்த பிறகு தண்ணீர் அவள் பார்த்த வெள்ளையாகவே இருந்தது. அன்று அவளுக்கு ஒரு வெற்றி போலக்கூட இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கப் படம் புடவைக்குள் சுவரோரம் நின்றது.

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவில், ஒரு காபிக் கடைக்கு மேல் இருந்தது கண்காட்சிக் கூடம். நடத்துகிறவன் ஹேமந்த், முப்பது வயது, எப்போதும் செருப்பில்லாமல் நடப்பவன். கார்டுக்குப் பெயர் கேட்டு அவன்தான் போன வாரம் போன் செய்திருந்தான். ஜாய்ஸ் மறுபடியும் தன் பெயரை மட்டும்தான் சொன்னாள். இந்த முறை யோசித்துத்தான் சொன்னாள். கேட்காமல் போட்டால் அம்சா அதற்கும் கோபித்துக்கொள்ளலாம். வரட்டும், வந்தால் நேரில் கேட்டுச் சேர்த்துவிடலாம்.

சணலை அறுத்து, அட்டையை எடுத்து, புடவையைப் பிரித்தபோது உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் மினுங்கும் பூச்சிகள் நாலைந்து தரையில் ஓடின. ராமபாணப் பூச்சி. பழைய புத்தகங்களில் இருப்பது. ஹேமந்த் காலைத் தூக்கிக்கொண்டான்.

படத்தின் வலப்பாதி அரிக்கப்பட்டிருந்தது. பூச்சிகள் தாளின் மேல்தோலைச் சுரண்டி, பசையைத் தேடித் தின்று, பல இடங்களில் பலகை தெரிய ஓட்டை போட்டிருந்தன. அவள் காத்திருந்து எடுத்த வெள்ளைத் தண்ணீரில் பாதி இல்லை. கோரை பிடிப்பில்லாமல் தொங்கியது. நடுவில், மூன்றாம் தாளும் நாலாம் தாளும் சேர்கிற இடத்தில், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல அரிப்பு நின்றிருந்தது. அதற்கு இடப்பக்கம் ஒரு பூச்சியின் பல்கூடப் படவில்லை. லேசாகப் பச்சையேறிய தண்ணீர், அதில் அம்சா ஒவ்வொன்றாக நிறுத்திய கோரை, வெடித்த கரையின் இடுக்கில் அவள் பதித்த நத்தை ஓடுகள், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

ஜாய்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். படத்தைத் திருப்பி எடுத்துப் போகலாம். ஆனால் கீழே ஏசுபாதம் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டிருந்தான். அதோடு, அம்சா ஒருவேளை கிளம்பி வந்தால் வெறும் சுவரையா பார்ப்பாள்?

"மாட்டு தம்பி" என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்து நெடுநேரம் பார்த்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போனது. சனிக்கிழமை பொத்தேரியிலிருந்து மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு பெண் வலப்பாதியைக் காட்டித் தோழியிடம், "இத எப்டிப் பண்ணிருப்பாங்க? ஆசிட்டா?" என்றாள். மற்றவள், "மச்சி, ஏரியை இப்டித்தான் அரிக்கிறோம்னு சொல்றாங்க" என்றாள். இருவரும் படத்துக்கு முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கடற்கரைப் பக்கம் இருந்து காற்று வந்தது. மதியம் கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். கொண்டுவந்த புளிசாதத்தைப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை ஹேமந்த் உற்சாகமாக வந்தான்.

"மேடம், எல்லாரும் இந்தப் படத்தப் பத்தித்தான் பேசிகினு இருக்காங்க. செம கான்செப்ட்."

"கான்செப்ட் இல்லப்பா. பூச்சி."

"அதான் மேடம் கான்செப்ட்டே! கார்ட மாத்திடலாம். 'ஜாய்ஸ் மேரியும் ராமபாணப் பூச்சிகளும்'னு போடுவோம். பூச்சியும் இதுல ஒரு கலைஞர் இல்லியா?"

ஜாய்ஸ் அவனைப் பார்த்தாள்.

"பூச்சிக்குப் பேரு போடுவியா?"

"ஏன், போடக் கூடாதா? பாதி வேல அதானே பண்ணுச்சு."

"பாதி வேல பண்ணவ ஒருத்தி கீறா. அவ பேரு அதுல இல்ல."

ஹேமந்தின் முகம் மாறியது. "யாரு மேடம்? எங்கிட்ட நீங்க சொல்லவேல்லையே."

உண்மைதான். அவள் சொல்லவில்லை. பொத்தேரியிலும் அவளிடம் யாரும் மறைக்கச் சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் முழுக்க அவ ஒட்டினது. பூச்சி படாத பக்கம்" என்றாள். "ஒரு பேனா குடு."

அச்சடித்த கார்டில் தன் பெயருக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் 'அம்சா' என்று எழுதினாள். இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன. அம்சாவிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிற விஷயமாக அது படவில்லை. படத்தைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கை எங்கே முடிகிறது, இன்னொரு கை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துகொண்டுதானே இருந்தது.

படமும் கார்டும் சேர்ந்து தெரியும்படி போனில் எடுத்து அம்சாவுக்கு அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. பத்து நிமிஷத்தில் டிக் இரண்டும் நீலமாயின. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அன்று மதியம் கூட்டம் அதிகம். சிற்பங்களைப் பார்த்துக் களைத்த குடும்பங்கள் காபி குடிக்க வந்து, மாடியும் ஏறின. ஒரு குழந்தை நத்தை ஓட்டைப் பிடுங்கப் பார்த்தது, அது வரவில்லை. நாலரை மணிக்குக் கூட்டம் குறைந்தது. அம்சா வரவில்லை. ஐந்தரைக்கு ஹேமந்த் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். படத்தை நாளைக்கு ஏசுபாதம் வந்து எடுத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ் கீழே இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது போன் அதிர்ந்தது. அம்சாவிடமிருந்து குரல் செய்தி. நாலு விநாடி.

ஜாய்ஸ் ஒரு சிற்பப் பட்டறையின் ஓரமாக ஒதுங்கி, உளிச் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் போனை வைத்தாள். பின்னால் குழந்தை அழும் சத்தம், குக்கர் விசில். நடுவில் அம்சாவின் குரல், எரிச்சலாக, ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய அதே குரல்.

"துத்தம் போடலியாம்மே?"

அவ்வளவுதான். திரும்பக் கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செங்கல்பட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. "போடலக்கா" என்று தட்டி அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. அம்சா ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பஸ் ஊரை விட்டு மேற்கே திரும்பியது. இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிய வயல்கள், கோரை மண்டிய பள்ளங்கள். வழக்கமாக அவள் கண் அவற்றில் ஒரு படச்சட்டத்தைத் தேடும். இன்று தேடவில்லை. திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தபோது இன்னொன்று எழுதினாள்.

"ஒரு கிலோ மாவுக்கு எவ்ளோ போடணும்?"

ஆறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், அளவு மட்டும் தெரியாது. அனுப்பிவிட்டு, போனைத் திரை மேலே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து இருக்கை செங்கல்பட்டு வரை காலியாகவே இருந்தது.