அரைக்கும் குறைவான வளர்ச்சி

கணிதத் துறைத் தலைவர் பல வருடங்களாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார். கலப்பெண் தளத்தில் ஒரு நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு, அதன் கெழுக்களுக்கு ஏதோ ஒரு நிபந்தனை, கடைசியில் ‘பூச்சியம் தவிர்த்த எல்லாத் தீர்வுகளும் முடிவிலி வரிசையில் வளரும்’ என்று ஒரு தேற்றம். அடுத்த வருடம் நிபந்தனையைக் கொஞ்சம் நகர்த்தினால் புதுக் கட்டுரை. தீர்வுகள் வளர்ந்தனவோ இல்லையோ, அவர் பதவி வளர்ந்தது.

அவர் மனைவியின் தங்கை அதே துறையில் விரிவுரையாளர். அக்கா முகத்துக்காக வாய் திறக்காமல் இருந்தவள், அன்றைய கருத்தரங்கில் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கட்டுரைத் தலைப்பின் கீழ் அவள் பெயரும் இருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுப் பெண்ணுக்குச் செய்யும் உபகாரமாம்.

இந்த முறை நிபந்தனை இரண்டு. கெழு, தளம் முழுவதும் சீராக இயங்கும், மாறிலி அல்லாத முழுச் சார்பு. அது ஊதிப் பெருகும் வேகத்தைச் சொல்லும் வரிசை, அரைக்கும் குறைவு. அதோடு, ஏதாவது ஒரு திசையில் அது கட்டுக்குள் நிற்க வேண்டும். முன்வரிசைப் பேராசிரியர்கள் நிரூபணம் அழகு என்று தலையாட்டினார்கள்.

அவள் எழுந்தாள். “சார், இந்த ரெண்டுக்கும் பொருந்துற ஒரே ஒரு சார்பு சொல்லுங்க.”

“உதாரணமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. இது பொதுத் தேற்றம்.”

“அப்புறமும் கிடைக்காது சார். வரிசை அரைக்குக் கீழ இருந்தா, பெரிய பெரிய வட்டங்கள் மேல அது ஒரு இடம் விடாம உயரும். உங்க திசை மட்டும் எப்படித் தப்பிக்கும்? மாறிலியத் தவிர ஒண்ணும் மிஞ்சாது. அதைத்தான் நீங்களே முதல்லயே விலக்கிட்டீங்களே.”

பாராட்டியவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். இல்லாத ஊருக்கு இருபது பக்கத்துக்கு வழி சொல்லியிருக்கிறார், அதிலும் என் பெயரைப் போட்டு என்று அவளுக்குக் காது வரை எரிந்தது. கட்டுரை போயிருந்த ஆய்விதழுக்கு அன்றே காரணத்தோடு எழுதித் தன் பெயரை நீக்கச் சொன்னாள். அவர்கள் கட்டுரையையே நீக்கிவிட்டார்கள்.

மறுவாரம் தலைவர் அவள் அறைக்கு வந்தார். வெட்கம் முகத்தில் இல்லை. பலகையில் அவள், வர்க்கமூலத்தின் கொசைனை எழுதி வைத்திருந்தாள். வரிசை சரியாக அரை. நேர் அச்சில் கட்டுக்குள் நிற்கும் நிஜச் சார்பு. அதை வைத்துச் சேர்ந்தே எழுதலாம், தன் பெயர் முதலில் வரட்டும் என்றார்.

“உதாரணம் தேடினவங்க பேர்தான் வரும், அத்தான்,” என்றாள் அவள்.

அடுத்த பருவத்தில் முதலாமாண்டு வகுப்புகள் எல்லாம் அவள் தலையில் விழுந்தன. அவள் அசரவில்லை. வகுப்பு முடிந்ததும் பலகைக்குத் திரும்பிவிடுவாள்.

அக்காதான் ஒருநாள் போனில் அழைத்தாள். திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள்.

“அப்ப அந்த மாதிரி ஒண்ணு கிடையவே கிடையாதா?” என்றாள் அக்கா. “அதுக்காகவா ஒரு வருஷமா வீட்ல என்னையும் குழந்தைங்களையும் சத்தம் போடாதீங்கன்னாரு?”